ஆட்டுக்கு அர்த்தம் சொன்ன தோன் அனீபால்

அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்த ஆடு, மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, புத்தகத்தை விட்டு இறங்கி எங்கள் சுருட்டுத் தொழிற்சாலைக் கூடத்தின் நடுவே நின்றது. பெட்டை ஆடு, சாம்பல் நிறம், இடது காதில் ஒரு கிழிசல், வாயில் மேயரின் தொப்பி. எங்கள் ஊர் சாந்தா ரூஃபீனாவில் அந்த வாரம் காப்பிக்கொட்டை விலை கொஞ்சம் ஏறியிருந்தது. மழை இல்லை. மேஸ்திரி வந்து பார்த்து, இது யாருடையது என்று கேட்டார். புகையிலைக் காம்பு உரிக்கும் பெண்கள் உட்காரும் பக்கத்துத் தூணில் கட்டச் சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அது ஏன் இறங்கியது என்று ஹவானாக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? நாங்கள் நூற்று நாற்பது பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்து சுருட்டு சுற்றுகிறோம். கைக்கு வேலை இருக்கிறது, காதுக்கு இல்லை. அதனால் உயரமான மேடையில் ஏர்மெலிந்தா கியாலா உட்கார்ந்து காலையிலும் மாலையிலும் எங்களுக்குப் புத்தகம் வாசிப்பாள். எந்தப் புத்தகம் என்பதை நாங்கள் கை தூக்கித் தீர்மானிப்போம். வாசித்தது பிடித்திருந்தால் இலை வெட்டும் பிறைக்கத்தியின் முதுகால் மேஜையில் தட்டுவோம், பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவோம். அந்த மாதம் எங்கள் ஊர்க்காரர் தோன் அனீபால் ரெகேரா எழுதிய ‘மேயரும் ஆடும்’ நாவலுக்குக் கை தூக்கினோம். அதற்குப் போட்டியாக இருந்தது ஏதோ ஒரு நாட்டுக் கோதுமையின் வரலாறு, நான்கு பாகம். நாவலில் ஒரு ஆடு மேயரின் தொப்பியைத் தின்கிறது, பிறகு நகராட்சிப் பத்திரங்களைத் தின்கிறது, பிறகு பிறப்புப் பதிவேட்டையே தின்றுவிட, ஊரில் யாருமே சட்டப்படி பிறக்காதவர்களாகிவிடுகிறார்கள். தொப்பி வந்த இடத்தில் நூற்று நாற்பது பேரும் ஒரே நொடியில் சிரித்தோம். அத்தனை பேர் ஒரே ஆட்டைப் பார்த்துச் சிரித்தால் அது வெளியே வராமல் என்ன செய்யும்?

ஆடு வந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை, பசிலிசாவுக்குப் பெரிய லாபம். பசிலிசா காம்பு உரிக்கிறவள். ஜனவரியில் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். பிறந்த நாளின் புனிதர் பெயரை வைப்பது எங்கள் வழக்கம் என்பதால் தெலெஸ்ஃபோரோ என்று வைத்தார்கள். பிள்ளையை விடப் பெயர் கனம், அதனால் தெலெ என்று கூப்பிட்டோம். காய்ச்சலில் பசிலிசாவுக்குப் பால் வற்றிப் போயிற்று. பசும்பாலைக் கொடுத்தால் கக்கினான், டப்பாப் பாலைக் கொடுத்தால் அதையும் கக்கினான், மார்ச் மாதத்தில் அவன் ஒரு கை நீளத்துக்கு மேல் இல்லை. இந்த ஆட்டின் பால் மட்டும் அவன் வயிற்றில் தங்கியது. ஈஸ்டருக்குள் கன்னம் உப்பிவிட்டது. ஆடு இருக்கிற வரைக்கும் தெலெ இருப்பான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் நாங்கள் பின்னால் செய்ததைச் செய்தோம்.

தோன் அனீபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும், தோன் என்பது நாங்கள் மரியாதைக்குச் சேர்ப்பது. ஊரிலேயே அவர் ஒருவர்தான் எழுத்தாளர், ஆகவே சிறந்த எழுத்தாளர். தேவாலயத்துக்குப் பின்னால் வீடு, வெள்ளைக் கோட்டு, பொத்தான்கள் தெறித்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் தொப்பை. மருந்துக்கடைக்கு இருமல் மருந்து விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு மழைக்காலத்தில் இந்த நாவலை எழுதினார். அதுவரைக்கும் அவர் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதை எழுதியதற்கு அவரே பரிகாரம் தேட ஆரம்பித்தார். ஹவானாவில் ஒரு இலக்கியப் பேரவை இருந்தது, அதில் ஒரு உறுப்பினர் நாற்காலி காலியாக இருந்தது. விண்ணப்பம் போட்டார். சிரிப்புப் புத்தகங்களைப் பேரவை பொதுவாக ஏற்பதில்லை, ஆழ்ந்த தத்துவக் குறியீடுகள் இருந்தால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. கடிதத்தை மூன்று நாள் வைத்துப் படித்தார். நான்காம் நாள், மூக்குக் கண்ணாடியைத் தன் நெற்றியிலேயே கண்டுபிடித்த மனிதரைப் போல, தன் நாவல் முழுக்கத் தத்துவம் என்பதைக் கண்டுபிடித்தார்.

சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம் மேடையைத் தரும்படி கேட்டார். கொடுத்தோம். இங்கே எங்கள் ஊரின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. சாந்தா ரூஃபீனாவில் ஒருவன் உள்ளாடையோடு பூசைக்குப் போகலாம், ‘எனக்குப் புரியவில்லை’ என்று மட்டும் சொல்ல முடியாது. புரிந்தால் நாலு தட்டு தட்டுவோம். புரியவில்லை என்றால் பக்கத்து மேஜைக்காரன் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று நாற்பது தட்டு தட்டுவோம். அந்தச் சனிக்கிழமைகளில் தெரு முனை வரை தட்டல் கேட்டது. நானும்தான் தட்டினேன், கை வீங்கத் தட்டினேன், அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் இப்போது இதைச் சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை, ஆட்டின் கத்தல் என்பது குடிமக்களின் கோரிக்கை மனு என்றார். தட்டினோம். அன்று மதியத்திலிருந்து ஆடு வாயைத் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒருவர் காதிலும் விழவில்லை. இரண்டாம் சனிக்கிழமை, ஆட்டின் நிழல் என்பது அரசாங்கம் என்றார். மறுநாள் உச்சி வெயிலில் அதன் நிழலில் ஒதுங்கப் போன கோழி நிழலைக் காணாமல் திரும்பியது. சாயங்காலம் யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் நிழல் ஏழு கஜத்துக்கு நீண்டு படுத்திருந்தது. மூன்றாம் சனிக்கிழமை, நாற்றம் என்பது நினைவு என்றார். நாற்றம் போயிற்று. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் தூணருகே நின்று, அந்தக் காலத்தில் இது எப்படி நாறும் தெரியுமா என்று கண் கலங்கினார்கள். நான்காம் சனிக்கிழமை, கொம்புகள்தான் பகுத்தறிவு என்றார். ஊர் முழுக்கத் தேடிவிட்டோம், கிடைக்கவில்லை.

அவர் சொல்லி நாங்கள் தட்டியது எதுவோ, ஆடு அதுவாக ஆகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கோப்பைப் பால் குறைந்தது. தெலெவின் கன்னம் மறுபடி உள்ளே போனது. ஏர்மெலிந்தா தொப்பிப் பகுதியை இன்னொரு முறை வாசித்துப் பார்த்தாள், சிரித்தால் ஆடு தேறும் என்று. ஒருவரும் சிரிக்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு “ம்ம், அதிகாரம்” என்றான் ஒருவன். “தின்பது காலம், காலம்” என்றான் இன்னொருவன். ஏர்மெலிந்தா புத்தகத்தை மூடினாள்.

“நூத்தி நாப்பது பேரு உக்காந்திருக்கீங்க, ஒருத்தன் மண்டையில சரக்கு இல்ல. மார்ச் மாசம் இதே வரிக்கு நாற்காலியிலேர்ந்து விழுந்தீங்களேடா! அதோ அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பாருங்க. பார்த்துட்டு அடுத்த வாரமும் தட்டுங்க, நல்லா தட்டுங்க.”

நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் தட்டினோம்.

பசிலிசாவே ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோன் அனீபாலின் வீட்டுக்குப் போனாள். அவர் ஜன்னல் வழியாகவே பேசினார். கலை என்பது ஒரு குவளைப் பாலை விடப் பெரியது என்றும், பையன் வளர்ந்து நாவலின் புதிய முன்னுரையைப் படிக்கும்போது பெருமைப்படுவான் என்றும் சொன்னார். வளர்வதற்குத்தானே பால் கேட்கிறேன் என்றாள் அவள். அவர் ஜன்னலைச் சாத்தினார். இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் நாங்கள் தெருவில் பார்த்தால் தொப்பியைக் கழற்றினோம்.

கடைசிச் சொற்பொழிவு ஜூன் இரண்டாம் சனிக்கிழமை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பேரவையின் செயலாளர் ரயிலில் வருகிறார். தலைப்பு: ‘பால் என்னும் இன்மை’. நாவலின் பதினோராம் அத்தியாயத்தில் ஆடு தின்ற பத்திரமெல்லாம் பாலாகிவிடுகிறது. மருத்துவர் சொன்னார் என்று மேயர் அதைக் குடிக்க, குடித்தவர் தன் திருட்டுக் கணக்குகளையெல்லாம் சந்தையில் நின்று பாட்டாகப் பாடுகிறார். அந்தப் பால்தான் இன்மையாம். அறிவிப்பைப் படித்த ஏர்மெலிந்தா நேராகத் தேவாலயத்துக்குப் பின்னால் நடந்தாள். அங்கே நடந்ததை அவள் எங்களுக்கு வரி மாறாமல் பலமுறை சொல்லியிருக்கிறாள், வாசிக்கிறவள் ஆயிற்றே.

தோன் அனீபால் தனக்கு மட்டும் காப்பி ஊற்றிக்கொண்டார். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

“தோன் அனீபால், எழுதுறப்போ அந்த ஆடு என்னன்னு நெனச்சு எழுதினீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.”

அவர் காப்பியைக் கலக்கினார். “எங்க மாமா வீட்டுல ஒரு ஆடு இருந்துச்சு. கோயில்ல முதல் நற்கருணை வாங்கப்போற அன்னிக்கு என் கால்சட்டையைத் தின்னுடுச்சு. அதை நெனச்சுத்தான்.”

“அவ்வளவுதானா?”

“அப்போ அதுல தத்துவம் இருந்தது எனக்கே தெரியல. இப்போ தெரியுது. நீ வாசிக்கிறவ, ஏர்மெலிந்தா. நீ வாய். எழுதினவன் நான். சிரிப்புங்கறது மேல்தோல். தோலை உரிச்சு உள்ள இருக்கற சுளையைக் காட்டறது என் கடமை.”

“சுளையைக் காட்டினா பரவாயில்லையே. நீங்களே மென்னுட்டு சக்கையை எங்க வாயில வைக்கறீங்க. அதிகாரம்னா என்னன்னு நீங்க வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா? தொப்பி ஆட்டு வாயில தொங்கினப்பவே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதாலதான் சிரிச்சோம். புரியாம சிரிச்சோம்னா நெனச்சீங்க? புரிஞ்சதுக்குப் பேருதான் சிரிப்பு. தொப்பி முதல்ல தொப்பியா இருக்கணும், எச்சில்ல நனைஞ்சு, ஓரம் பிய்ஞ்சு. அப்புறம் அது என்னவா வேணா இருந்துட்டுப் போகட்டும். நீங்க அதைப் பிடுங்கிட்டு ‘அதிகாரம்’னு ஒரு சொல்லைக் குடுத்தா, ஆடு எதைத் திங்கும்?”

“தத்துவம் இல்லாம சிரிக்க வைக்கிறவன் கோமாளி.”

“கோமாளின்னா என்ன கேவலமா?”

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்: “என் பொண்டாட்டியை அடக்கம் பண்ண அன்னிக்கு, குழி பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை பேசினேன். நெஞ்சிலேர்ந்து பேசினேன். எல்லாரும் சிரிச்சாங்க, ஏர்மெலிந்தா. சாமியாரும் சிரிச்சாரு. நான் வேடிக்கையா பேசறேன்னு நெனச்சுட்டாங்க.”

ஏர்மெலிந்தாவுக்கு அரை நிமிஷம் அவர் மேல் இரக்கம் வந்தது, அவளே ஒத்துக்கொண்டாள். சிரித்தவர்களில் நானும் ஒருவன், எனக்கும் அதைக் கேட்டபோது என்னவோ போல் இருந்தது. ஆனால் அரை நிமிஷத்துக்கு மேல் அவளால் இரக்கப்பட முடியவில்லை, பசிலிசாவின் கையில் பிள்ளை கிடந்த கிடப்பு கண் முன் வந்துவிட்டது. குரலை மாற்றினாள்.

“சரி, நான் வாய்தான். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். பேரவைக்காரர் இத்தனை தூரம் வர்றாரு. அவர் முன்னாடி பால்னா இன்மைன்னு சொன்னா, ‘ரெகேராகிட்ட ஒண்ணுமில்ல, அவரே சொல்லிட்டாரு’ன்னு எழுதிட்டுப் போயிட மாட்டாரா?”

தோன் அனீபாலின் முகம் வெளுத்தது. “அப்படியா எடுத்துக்குவாங்க?”

“ஹவானாக்காரங்க எப்படி எடுத்துக்குவாங்கன்னு எனக்கு என்ன தெரியும். அந்த அத்தியாயத்துல ஆடு என்ன பண்ணுது? காகிதமா தின்னுது. தின்ன காகிதத்தையெல்லாம் உள்ளுக்குள்ளயே பாலாக்கி ஊருக்குக் குடுக்குது. காகிதத்தோடவே கிடந்து, ஊருக்குப் பால் குடுக்கறது... யாரா இருக்கும்? எனக்குப் பிடிபட மாட்டேங்குது.”

அவர் எழுந்தார். அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. “எழுத்தாளன்,” என்றார் மெதுவாக. “அந்த ஆடு நான்தான். அந்தப் பால் என் மக்களுக்கு நான் சுரக்கறது.”

“அட! எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

“உனக்கு எப்படித் தோணும்,” என்று அவர் பரிவோடு சொல்லி, அவளுக்கும் அரைக் கோப்பை காப்பி ஊற்றினார். அவள் குடிக்காமல் கிளம்பி நேராகப் பசிலிசாவின் குடிசைக்குப் போய், சனிக்கிழமை முன் வரிசையில் உட்கார், பிள்ளையைப் பசியோடு கொண்டு வா என்று சொன்னாள்.

சனிக்கிழமை செயலாளர் வந்தார். கறுப்புக் கோட்டில் வேர்த்து ஊற்ற, குறிப்பேட்டை மடியில் விரித்து உட்கார்ந்தார். தூணில் ஆடு என்று சொல்லும்படி மிச்சமிருந்தது மடி ஒன்றும் நாலு குளம்பும்தான். தெலெவுக்கு அழக்கூடத் தெம்பில்லை, வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தான். தோன் அனீபால் ஐம்பது நிமிஷம் பேசினார். இலட்சியம், ஊற்று, ஆன்மா, மானுடம், இப்படி எங்களுக்குப் புரியாத எல்லாவற்றையும் பேசி, கடைசியில் இரண்டு கைகளையும் விரித்து, அந்த ஆடு நானே, அந்தப் பால் என் மக்களுக்காக என் நெஞ்சில் சுரப்பது என்று முடித்தார். நூற்று நாற்பது கத்திகளும் மேஜையில் விழுந்து எழுந்தன. செயலாளரே தன் பென்சிலால் தட்டினார். தட்டி முடித்தபோது தூணில் கயிறு தொங்கியது, ஆடு இல்லை. தோன் அனீபாலின் வெள்ளைக் கோட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டு ஈர வட்டங்கள் தெரிந்தன.

முதலில் கண்டது தெலெதான். மூக்கை உயர்த்தினான், நாலு வாரத்தில் முதல் தடவையாக வீறிட்டு அழுதான். பசிலிசா எழுந்து மேடைப் படி ஏறினாள். ஒவ்வொரு படியாக ஏறினாள், அவசரப்படவில்லை.

“குடுங்க,” என்றாள்.

தோன் அனீபால் தன் கோட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா, இது குறியீடும்மா.”

“குறியீடோ கிறியீடோ, பிள்ளைக்குப் பசி. பொத்தானைக் கழட்டுங்க.”

பொத்தானை அவளே கழற்ற வேண்டியிருந்தது. பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று காட்டினாள், தலைக்குக் கீழே முழங்கை, முதுகுக்குக் கீழே உள்ளங்கை. தெலெ ஒரு முறை தேடினான், பிறகு பற்றிக்கொண்டான். அந்தக் கூடத்தில் நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன், இன்னொருவன் விழுங்குகிற சத்தத்தை அத்தனை தெளிவாகக் கேட்டது அன்றுதான். பசிலிசா படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். எங்களில் பலர் அழுதோம். செயலாளர் குறிப்பேட்டை மூடிவிட்டு இரண்டு மணி ரயிலைப் பிடித்தார். பால் சுரக்கும் உறுப்பினர்களுக்கு விதிமுறைகளில் இடமில்லை என்று ஜூலையில் பேரவையின் கடிதம் வந்தது. அந்த நாற்காலி சர்க்கரையைப் பற்றி நானூறு வரி எழுதிய ஒருவருக்குப் போனது.

தோன் அனீபால் சும்மா விடவில்லை. வீட்டுக் கண்ணாடி முன் நின்று, பால் என்பது இன்மை, பால் என்பது காலம், பால் என்பது மாயை என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். தட்டுவதற்கு ஆள் இல்லாததால் பால் பாலாகவே இருந்தது, கோட்டுகள்தான் வீணாயின. மேடையை மறுபடி கேட்டார், நாங்கள் கொடுக்கவில்லை. பிறகு பேசாமல் காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் வர ஆரம்பித்தார். மேஸ்திரி முதுகு சாய்க்க ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். பசிலிசா அவரைப் பாடாய்ப் படுத்தினாள். ஒரு திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

“நேத்து என்ன சாப்பிட்டீங்க? பிள்ளை வயித்து வலியில முறுக்கிக்கிட்டான்.”

“கறுப்பு பீன்ஸ், ஒரு கரண்டிதான்...”

“ஒரு கரண்டியாம்! இந்த வயசுல வாயைக் கட்டத் தெரியல. பீன்ஸ் கிடையாது, வெங்காயம் கிடையாது, ரம் வாசனையே கூடாது.”

மழைக்காலம் முடிவதற்குள் தெலெ உட்கார்ந்தான், கன்னம் திரும்பி வந்தது, பெயருக்குத் தகுந்த கனமும் வந்தது. அதே வருஷம் காம்பு உரிக்கிற இன்னொருத்திக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. அவளும் கேட்டாள், அவர் சரி என்றார். ஏர்மெலிந்தா கோதுமை வரலாற்றின் இரண்டாம் பாகத்தில் இருந்தாள்.

அடுத்த வருஷம் ஹவானாவிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார், இளைஞர், மெல்லிய மீசை, சத்தமான செருப்பு. நேராக, இரட்டையரில் ஒருவனை மடியில் போட்டிருந்த தோன் அனீபாலின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, நூலாசிரியர் தாய்மை ஏற்பது என்ற இந்த நிகழ்வின் தத்துவக் குறியீடு என்ன என்று உரத்த குரலில் கேட்டார். ஏர்மெலிந்தா வாசிப்பதை நிறுத்தினாள். பசிலிசா பாதி உரித்த இலையோடு எழுந்துவிட்டாள். தோன் அனீபால் வாயைத் திறந்தார். மறுபடி அர்த்தம் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தோம், எத்தனை வருஷமாய் அவரைத் தெரியும். மேஜையில் இருந்த என் கையை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

“மெதுவா பேசுங்க தம்பி,” என்றார் அவர். “இப்பத்தான் கண்ணசந்தான். உங்க பக்கத்துல அந்தத் துணி இருக்கு பாருங்க, அதை இப்படி எடுங்க.”

பத்திரிகைக்காரர் சுற்றிலும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, துணியை எடுத்துக் கொடுத்தார்.